4.7 பிகோஃபாரடை ஸ்கோப்பில் அளக்க: புரோபை மாற்றுவதா, சுற்றை மாற்றுவதா?

அலைவரி:
4.7 பிகோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) வைத்து, ஸ்கோப்பில் (ஆஸிலோஸ்கோப்) அளந்து பார்த்தேன். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 5 வோல்ட் சதுர அலை, தொடரில் 100 கிலோ ஓம், கெப்பாசிட்டரின் மறுமுனை தரையில். இரண்டும் சேரும் இடத்தில் 10எக்ஸ் புரோபை (சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கி ஸ்கோப்புக்குத் தரும் அளவு முனை) வைத்தால் மின்னழுத்தம் 63 சதவீதத்தைத் தொட 1.9 மைக்ரோசெகண்ட் ஆகிறது. அந்த நேரத்தை 100 கிலோ ஓமால் வகுத்தால் 19 பிகோ! புரோப் மேல் அதன் சொந்தச் சுமை 12 பிகோ என்று போட்டிருக்கிறது. சுமை குறைந்த புரோப் வாங்கத்தான் வேண்டுமா?

ஈயப்பற்று:
காசைச் செலவழிக்காதீர்கள். கெப்பாசிட்டரை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இன்னொரு முறை அளங்கள். 1.4 மைக்ரோசெகண்ட் பக்கம் வரும். கழித்துவிட்டால் புரோபும் பிரெட்போர்டும் சேர்ந்தே போய்விடும். பல வருடமாக இப்படித்தான் அளக்கிறேன்.

குறுஞ்சுற்று:
இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது சார். 19-லிருந்து 14-ஐக் கழிக்கிறீர்கள். ஒவ்வொரு அளவிலும் 2 சதவீதம் தவறினால் 0.38, 0.28. இரண்டும் எதிரெதிராகப் போனால் 0.66 பிகோ, அதாவது 4.7-இல் 14 சதவீதம். நல்ல கெப்பாசிட்டரே ±0.25 பிகோவுக்குள் கிடைக்கிறதே! புரோப் கம்பி கொஞ்சம் நகர்ந்தாலும் எண் மாறும். 50 ஓம் கேபிளின் நுனியில் 950 ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்து, ஸ்கோப்பை 50 ஓமில் வையுங்கள். நுனியின் கெப்பாசிட்டன்ஸ் 1 பிகோவுக்கும் கீழே இறங்கும்.

ஈயப்பற்று:
கெப்பாசிட்டன்ஸ் இறங்கும், சரி. ரெசிஸ்டன்ஸ்? அந்தப் புரோப் தரைக்கு வெறும் 1 கிலோ ஓம். முன்னால் 100 கிலோ ஓம் நிற்கிறது. 5 வோல்ட் அங்கேயே 50 மில்லிவோல்ட் ஆகி, ஸ்கோப்புக்கு 2.5 மில்லிவோல்ட்தான் போய்ச் சேரும். நேரமும் சில நானோசெகண்டாகச் சுருங்கிவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் சொந்த எழுச்சி நேரமே 3.5 நானோசெகண்ட். எதை வைத்து அளப்பார் அவர்?

குறுஞ்சுற்று:
நியாயம். அந்த 100 கிலோ ஓமை நான் கணக்கில் எடுக்கவில்லை. வேகமான 50 ஓம் சுற்றுகளுக்குத்தான் அந்தப் புரோப் பொருந்தும்.

தரைக்கம்பி:
புரோப் உறுத்துகிற இடத்திலேயே வைத்துக்கொண்டு இருவரும் வாதாடுகிறீர்கள். அங்கே ஏன் வைக்க வேண்டும்? 100 கிலோ ஓமை எடுத்துவிடுங்கள். கெப்பாசிட்டரின் ஒரு முனை ஜெனரேட்டருக்கு, மறுமுனை கோஆக்ஸ் கேபிள் வழியாக நேரே ஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டுக்கு. ஸ்கோப்பில் 50 ஓம் வசதி இல்லையென்றால் டீ இணைப்பில் 50 ஓம் டர்மினேட்டர் மாட்டினால் போதும். சதுர அலை ஏறும், இறங்கும் ஒவ்வொரு எட்ஜிலும் கெப்பாசிட்டர் வழியாக ஒரு சின்ன பல்ஸ் பாயும். அந்தப் பல்ஸின் பரப்பை (வோல்ட் × நேரம்) ஸ்கோப்பிலேயே அளந்து, 5 வோல்ட்டாலும் 50 ஓமாலும் வகுத்தால் கெப்பாசிட்டன்ஸ். 4.7 பிகோவுக்கு 1.175 வோல்ட்-நானோசெகண்ட் வர வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்கோப் மெதுவானது என்றாலும் பல்ஸ் தட்டையாகி அகலுமே தவிர பரப்பு மாறாது. உள்ளீட்டில் இருக்கும் 15 பிகோவும் அப்படித்தான், 50 ஓமுக்குப் பக்கத்தில் அது பரப்பைத் தொடாது.

ஈயப்பற்று:
அழகான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு முனையும் கையில் இருந்தால்தானே? பலகையில் ஒரு முனை தரையோடு ஒட்டிய டிரிம்மரையோ (திருகி மாற்றும் கெப்பாசிட்டர்) தொடு உணரியையோ இப்படி அளக்க முடியாது. அங்கே கழித்தல்தான்.

தரைக்கம்பி:
அங்கே கழித்தலேதான். ஆனால் 14-ஐக் கழிக்காதீர்கள். புரோப் நுனிக்கு முன்னால் 1 பிகோ கெப்பாசிட்டரைத் தொடரில் வையுங்கள். 12 பிகோ சுமை 0.92 ஆகிவிடும். சிக்னல் இன்னும் 13 மடங்கு குறையும், அதனால் ஸ்கோப்பின் ஆவரேஜிங்கை (பல அலைகளின் சராசரி) 64-இல் போடுங்கள். நமக்கு வேண்டியது நேரம்தானே, உயரம் அல்லவே. பிரெட்போர்டையும் விட்டுவிடுங்கள். அதன் அடுத்தடுத்த வரிசைகளுக்கு நடுவிலேயே ஓரிரு பிகோ இருக்கும்.

ஈயப்பற்று:
1 பிகோ தொடரில் வைப்பதை நான் செய்து பார்த்ததில்லை. இந்த வாரமே பார்க்கிறேன்.

அலைவரி:
50 ஓம் வழியில் அளந்துவிட்டேன். கெப்பாசிட்டரோடு 1.25, இல்லாமல் 0.06 வோல்ட்-நானோசெகண்ட். கழித்தால் 1.19, அதாவது 4.76 பிகோ. கெப்பாசிட்டர் இல்லாத அந்த 0.06 இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் இருப்பது. இடையில் தரையோடு இணைத்த செப்புத் தகடு ஒன்றை நிறுத்தியதும் அதுவும் பாதியாகிவிட்டது.