சூடோ போட்டும் எஃப்ஸ்டேப்பில் எழுத முடியலை: 'பெர்மிஷன் டினைடு'

வில்லியனூர் டிடிபி:
உபுண்டு 22.04. கடை சிஸ்டத்தில் ரெண்டாவது ஹார்டு டிஸ்க் (இஎக்ஸ்டி4) பூட் ஆகும்போதே /டேட்டா-வில் மவுண்ட் ஆகணும். சூடோ எக்கோ போட்டு, வரியை >> குறியால் /இடிசி/எஃப்ஸ்டேப்புக்கு (பூட்டில் எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகணும்னு சொல்ற ஃபைல்) அனுப்பினா 'பெர்மிஷன் டினைடு'. பாஸ்வேர்டு சரிதான். எல்லாருக்கும் எழுத அனுமதி தர்ற சிஎச்மாட் 777 போட்டுடலாமா?

முதுநகர்:
777 வேணவே வேணாம் சார், கடையில உட்கார்ற யார் வேணா அந்த ஃபைலை மாத்திடலாம். சூடோ ரூட் (சிஸ்டத்தின் முழு அதிகாரி) அதிகாரம் தர்றது எக்கோவுக்கு மட்டும்தான். >> பார்த்து ஃபைலைத் திறக்கிறது உங்க பேர்ல ஓடுற பேஷ் (நீங்க அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுற ஷெல்). அதுக்கு ஏது அனுமதி? எக்கோவை பைப் வழியா 'சூடோ டீ மைனஸ் ஏ'-வுக்கு அனுப்புங்க, அது ஃபைல் கடைசியில் சேர்த்துடும். மைனஸ் ஏ விட்டுப்போச்சுன்னா பழைய வரியெல்லாம் அழிஞ்சிடும், ஜாக்கிரதை.

பாகூர் அட்மின்:
அந்த ஜாக்கிரதைக்காகவே நான் டீ-யை சிபாரிசு பண்ண மாட்டேன். சூடோஎடிட் போதும். உங்க பேர்ல ஒரு தற்காலிக நகல் எடுத்துத் திறக்கும், சேவ் பண்ணி மூடினதும் அசல் ஃபைலில் எழுதிடும். எடிட்டர் ரூட்டா ஓடாது. முதல்ல சூடோ சிபி-யில் ஒரு பிரதி எடுத்து வச்சிடுங்க.

வரியில் /டெவ்/எஸ்டிபி1 வேணாம், வேற டிஸ்க் செருகியிருந்தா பேர் மாறலாம். 'எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப்' காட்டுற யூயூஐடி (அந்த பார்ட்டிஷனோட தனி அடையாளம்) போடுங்க. அப்புறம் /டேட்டா, இஎக்ஸ்டி4, 'டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்', 0, 2. கமாவுக்குப் பின்னாடி ஸ்பேஸ் விட்டா அடுத்த காலத்துக்கு ஓடிடும். நோஃபெயில் இல்லாம டிஸ்க் கேபிள் கழன்றிருந்தா, பூட் 90 விநாடி காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடில் நிக்கும். 

ரீபூட் பண்றதுக்கு முன்னாடி எஃப்ஸ்டேப் வரி சரியான்னு 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' ஓட்டிப் பாருங்க.

வில்லியனூர் டிடிபி:
'அன்ரீச்சபிள் ஆன் பூட் ரெக்வயர்டு டார்கெட்'னு ஒரு எரர் வருது.

பாகூர் அட்மின்:
/டேட்டா ஃபோல்டரே இல்லைன்னு அர்த்தம். சூடோ எம்கேடிஐஆர் போட்டு உருவாக்குங்க. பிறகு மாத்தின எஃப்ஸ்டேப்பை சிஸ்டம் திரும்பப் படிக்க 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அப்புறம் அதில் இருக்கிறதை மவுண்ட் பண்ண 'சூடோ மவுண்ட் மைனஸ் ஏ'. எதுவும் சொல்லாம பிராம்ப்ட் திரும்பினா சரி.

முதுநகர்:
இன்னொண்ணு சார். புதுசா ஃபார்மேட் பண்ண டிஸ்க்னா அதுக்கு ரூட்தான் ஓனர், காப்பி பண்ண விடாது. மவுண்ட் ஆனதுக்கு அப்புறம் /டேட்டா மேல ஒரு தடவை சூடோ சிஎச்ஓன் போட்டு ஓனரை உங்க யூசர் பேருக்கு மாத்துங்க. முன்னாடியே போட்டா வெறும் ஃபோல்டருக்குத்தான் ஓனர் மாறும், டிஸ்க்குக்கு இல்ல.