ரன், ஓடு, ஓட்டு: எங்க வீதி வாட்ஸ்அப் குழுவுல ஒரு சாயங்காலம்

சுகந்தி, 6:42
சரசு டீச்சருங்க, என்ற பையனுக்கு நாளைக்கு மில்லுல மெயின்டனன்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. கேள்வியெல்லாம் இங்கிலீஷ்லதானுங்களாம். மெஷின் ஓடலைங்கறதுக்கு "ரன்" போடறதா, "ஒர்க்" போடறதான்னு கேக்கறானுங்க.

சரசு டீச்சர், 6:47
ரெண்டும் வேற வேற சேதி அம்மிணி. "த மெஷின் இஸ் நாட் ரன்னிங்"னா இப்ப ஓடாம நிக்குது, அவ்வளவுதான். நூல் தீந்து நிறுத்தியிருக்கலாம், கரண்ட் இல்லாம இருக்கலாம். "இஸ் நாட் ஒர்க்கிங்"னா ரிப்பேர். சும்மா நிக்கற மெஷினைப் பாத்து ரெண்டாவதைச் சொன்னா, ஃபிட்டர் டூல்ஸ் எடுத்துட்டு ஓடி வருவாரு.

முருகேசன் அண்ணன், 6:51
ஷிஃப்ட் ரிப்போர்ட்டுக்கு இன்னொண்ணும் வேணுமுங்க. பேரிங் சூடாச்சுன்னா "இட் இஸ் ரன்னிங் ஹாட்"னு எழுதணும். நல்லா ஓடுனா "ரன்னிங் ஸ்மூத்லி". மொதல்ல சொன்னது மெஷினோட நெலமை, அதனால "லி" கெடையாது. ரெண்டாவது ஓடற விதம், அதனால "லி" வருது.

கவின், 6:53
ரன், ரேன், ரன். மூணாவதும் ரன்தானுங்களா டீச்சர்?

சரசு டீச்சர், 6:56
ஆமா கண்ணு. முன்னாடி ஹேஸ், ஹேவ், ஹேட் வந்தா ரன்தான். "த மோட்டார் ஹேஸ் ரேன் ஆல் நைட்" தப்பு, "ஹேஸ் ரன் ஆல் நைட்" சரி. கம், கேம், கம் அதே மாதிரிதான், சேத்து மனப்பாடம் பண்ணிக்கோ. உச்சரிப்பும் முக்கியம். ரேன்ல வர்றது "பேங்க்"ல இருக்கற சத்தம். இழுத்தா மழைங்கற "ரெயின்" ஆயிரும்.

சுகந்தி, 6:58
அப்ப நாம ஓடுதுன்னு சொல்ற எடத்துலயெல்லாம் ரன் போட்டா சரியாயிருமுங்களா?

சரசு டீச்சர், 7:09
அங்கதான் நம்மாளுங்க சறுக்கறது. மோட்டார், பஸ், தண்ணி, படம் வரைக்கும் ஓடுன்னாலும் ரன்னுன்னாலும் ஒண்ணுதான். "த ஃபிலிம் ரேன் ஃபார் 100 டேஸ்" சரி. ஆனா டிவி ஓடுதுன்னா "த டிவி இஸ் ஆன்". பாட்டு ஓடுதுன்னா "பிளேயிங்". நேரம் ஓடுதுன்னா "டைம் ஃப்ளைஸ்". அங்க "டைம் இஸ் ரன்னிங் அவுட்"னு போட்டா, கெடு முடியப் போகுதுன்னு அர்த்தம் மாறிரும். கடை நல்லா ஓடுது, வியாபாரம் நல்லாருக்குன்னா "த ஷாப் இஸ் டூயிங் வெல்". "ரன்னிங் வெல்"னா நிர்வாகம் தடங்கலில்லாம நடக்குதுன்னுதான் எடுத்துக்குவாங்க.

இதைவிடப் பெரிய குழப்பம் "ஓட்டு"ல. தமிழ்ல ஓடு வேற, ஓட்டு வேற. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ரன்தான், பின்னாடி வர்ற பொருளைப் பொறுத்து வேலை மாறும். "ஷி ரன்ஸ்"னா ஓடறா. "ஷி ரன்ஸ் எ மெஸ்"னா மெஸ் நடத்தறா. ஆனா வண்டி ஓட்டறதுக்கு ரன் வராது, "டிரைவ்"தான். ஏர் ஓட்டறது "ப்ளவ்". "ஹி டிரைவ்ஸ் எ லாரி"னா டிரைவர். "ஹி ரன்ஸ் த்ரீ லாரீஸ்"னா மூணு லாரி வெச்சுத் தொழில் பண்றவரு.

முருகேசன் அண்ணன், 7:12
நாமக்கல், சங்ககிரிப் பக்கம் இது ரொம்ப முக்கியமுங்க 😀 இன்சூரன்ஸ் ஃபார்ம்லயும் பாத்து எழுதணும். "ரேன் இன்டு எ ட்ரீ"னா மரத்துல மோதுச்சு. "ரேன் ஓவர்"னா மேல ஏறிப் போச்சு. மாத்தி எழுதுனா விபத்தே வேற ஆயிரும்.

சரசு டீச்சர், 7:14
ஆளைச் சொல்றப்ப "ரேன் இன்டு மை அங்கிள்"னா மாமாவை எதேச்சையாப் பாத்தது. "ரேன் ஓவர் ஹிம்", "ரேன் ஹிம் ஓவர்" ரெண்டும் செல்லும். "ரேன் ஹிம் இன்டு"னு மட்டும் எப்பவும் பிரிக்கக்கூடாது.

தனலட்சுமி, 7:18
திருப்பூர் பனியன் கம்பெனி இமெயில்ல தெனமும் வர்றது ஒண்ணு. சாயம் போறதுக்கு வீட்டுப் பேச்சுல "த கலர்ஸ் ரேன் இன் த வாஷ்". பையருக்கு, அதாவது துணி வாங்கற கம்பெனிக்கு எழுதறப்ப "ப்ளீடிங்"னு போடுங்க. துவைச்சுப் பாக்கற டெஸ்ட்டுக்குப் பேரு "கலர் ஃபாஸ்ட்னஸ்". அந்த டெஸ்ட்டோட சர்வதேசத் தர நம்பர் ஐஎஸ்ஓ 105 சி06னு ரிப்போர்ட்ல வரும்.

கவின், 7:20
ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில ரன்னுங்கற வினைக்கு மட்டும் 645 அர்த்தமாமுங்க. 1989 பதிப்புல "செட்"தான் முன்னாடி இருந்துச்சாம்.

சரசு டீச்சர், 7:26
அத்தனையும் வேண்டாம் சாமி. "ரன் அவுட்" ஒண்ணைச் சரியாப் பிடிச்சாலே பாதிக் கஷ்டம் தீரும், கிரிக்கெட் ரன் அவுட்டைச் சொல்லலை. ஆள் மொதல்ல வந்தா "ஆஃப்" வேணும்: "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்". பொருள் மொதல்ல வந்தா "ஆஃப்" கூடாது: "த மில்க் ஹேஸ் ரன் அவுட்". "மில்க் இஸ் ரன் அவுட்"னு யாரும் எழுதாதீங்க. போர்ல தண்ணி வத்துனா "த போர்வெல் ஹேஸ் ரன் ட்ரை".

அப்பறம், எப்பவும் நடக்கறதுக்கு இங் போடாதீங்க. "த நொய்யல் ரன்ஸ் த்ரூ கோயம்புத்தூர்", "த ட்ரெய்ன் ரன்ஸ் ஃப்ரம் மேட்டுப்பாளையம் டு ஊட்டி". இன்னைக்கு மட்டும் வண்டி தாமதம்னா "இட் இஸ் ரன்னிங் லேட்".

சுகந்தி, 7:41
பையன் எழுதிக் குடுத்துட்டான், பாருங்க டீச்சர்.
1. த ஃப்ரேம் இஸ் ரன்னிங் ஹாட்.
2. திஸ் மோட்டார் ஹேஸ் ரன் ஃபார் டென் அவர்ஸ்.
3. ஐ கேன் ரன் எ வேன் ஆல்சோ.
4. வி ஹேவ் ரன் அவுட் கிரீஸ்.

சரசு டீச்சர், 7:44
1, 2 சரி. 3ல வேன் ஓட்டறதுக்கு "டிரைவ்" போடணும். 4ல கிரீஸுக்கு முன்னாடி "ஆஃப்" விட்டுப்போச்சு. அந்த ரெண்டையும் மறுக்கா எழுதி அனுப்பச் சொல்லு அம்மிணி, ஒம்பது மணி வரைக்கும் முழிச்சிருப்பேன்.