நேவி ஹில் திட்டத்துக்கு ரிச்மண்ட் நகர மன்றம் ஒப்புதல் தர வேண்டுமா?

தென்கரையான்:
வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகர மன்றம் இம்மாதம், அதாவது 2020 பிப்ரவரி 24 அன்று, நேவி ஹில் திட்டத்தின் மீது வாக்களிக்கவிருக்கிறது. 1971இல் திறக்கப்பட்டு கடந்த ஆண்டு மூடப்பட்ட கொலிசியம் அரங்கத்தை இடித்துவிட்டு, 17,500 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கம், ஹயாட் விடுதி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாடகைக் குடியிருப்புகள், அலுவலகங்கள், பேருந்து மாற்று நிலையம் ஆகியவற்றை ஏறத்தாழ 150 கோடி டாலர் செலவில் கட்டித் தர ஒரு தனியார் குழு முன்வந்திருக்கிறது. டொமினியன் எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் தலைவர் தாமஸ் ஃபாரல் அக்குழுவை முன்னின்று நடத்துகிறார். மேயர் லெவர் ஸ்டோனி ஆதரிக்கிறார்.

நானும் ஆதரிக்கிறேன். அந்த நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்கே சொந்தமானது என்பதால், இன்று அதிலிருந்து சொத்து வரியாக ஒரு காசும் வருவதில்லை. மாலை ஐந்து மணிக்கு அலுவலகங்கள் மூடியபின் அந்தத் தெருக்களில் நடக்க ஆளில்லை. நகரின் நடுவே பூட்டிய கட்டடம் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆலோசித்துக்கொண்டிருப்பது?

வரவுசெலவு:
நண்பரே, அந்த இடம் சீரமைக்கப்பட வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. யாருடைய வரியை அடகு வைத்துச் சீரமைப்பது என்பதில்தான் வேறுபாடு. புதிய அரங்கத்தைத் தனியார் பணத்தில் கட்டப்போவதில்லை. முப்பது கோடி டாலருக்கும் அதிகமான கடன் பத்திரங்கள் வெளியிடப்படும். அக்கடனை அடைப்பதற்காக, திட்டம் அமையும் பத்துத் தெருக்கட்டங்களை (தெருக்களுக்கு இடையிலான நிலத்துண்டுகளை) மட்டுமல்லாமல் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய எண்பது கட்டங்களின் இன்றைய சொத்து மதிப்பை அடிப்படையாக நிறுத்திவைத்து, அதற்கு மேல் உயரும் மதிப்பிலிருந்து கிடைக்கும் வரி முழுவதையும் முதலில் கடனுக்கே ஒதுக்குவார்கள். பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் அது.

ஷார்ட் பம்ப் வாசகி:
இதில் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தே எழுதுகிறேன். வர்ஜீனியாவில் நகரங்கள் மாவட்டத்துக்குள் அடங்காத தனி ஆட்சிப் பகுதிகள் என்பதால், ரிச்மண்டை ஒட்டிய ஹென்ரைக்கோ மாவட்டத்தில் வாழும் என்னைப் போன்ற பல தமிழ்க் குடும்பங்கள் ரிச்மண்டுக்குச் சொத்து வரி செலுத்துவதில்லை. ஆனாலும் அரங்கம் திறந்தால் நிகழ்ச்சி பார்க்க முதலில் வருபவர்களில் நாங்களும் இருப்போம். நாங்கள் அனுபவிக்க, கடனை அடைக்கும் பொறுப்பு நகரத்தில் வாழும் எளிய குடும்பங்களின் மேல் விழுமானால் அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தென்கரையான்:
அம்மா, தாங்கள் வந்து விடுதியில் தங்கினாலும் உணவகத்தில் உண்டாலும் அந்த வரி நகரத்துக்கே சேர்கிறது. வெளியூர்ப் பணத்தை உள்ளே கொண்டுவரும் வழியாகவே நான் இத்திட்டத்தைப் பார்க்கிறேன். மேலும், கடன் பத்திரங்களுக்கு மாநகராட்சி பொறுப்பேற்கவில்லை; எதிர்பார்த்த வருவாய் வராவிட்டால் இழப்பு பத்திரம் வாங்கிய முதலீட்டாளர்களுடையது. கடன் போக மிஞ்சுவதில் பாதியைப் பள்ளிகளுக்குத் தருவதாக மேயர் கூறியிருக்கிறார். இவற்றை 'வரவுசெலவு' ஏன் குறிப்பிடவில்லை?

வரவுசெலவு:
குறிப்பிடுகிறேன். பத்திரத்துக்கு நகரம் பொறுப்பில்லை என்பது சட்டப்படி சரி. ஆனால் எண்பது கட்டங்களின் வரி உயர்வு முப்பது ஆண்டுகள் வரை அந்தப் பத்திரங்களுக்கே கட்டுப்பட்டிருக்கும்போது, நகரம் எதையும் பணயம் வைக்கவில்லை என்று சொல்ல இயலாது. ஓர் எடுத்துக்காட்டு போதும். கெனால் தெருவில் டொமினியன் நிறுவனம் அண்மையில் கட்டி முடித்த உயர்ந்த அலுவலகக் கோபுரம் அந்த எண்பது கட்டங்களுக்குள் வருகிறது. அரங்கம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கோபுரம் வரி செலுத்தியே தீரும். நகரத்தின் பொதுக்கணக்குக்கு இயல்பாகவே வந்து சேரவிருந்த அந்தத் தொகையை அரங்கத்தின் பக்கம் திருப்பிவிட்டு, அரங்கம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்கிறது என்று கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நகரத்தின் சொத்து மதிப்பு கூடினால், அந்நகரம் வசதி பெற்றுவிட்டது என்று கருதி வர்ஜீனியா அரசு பள்ளி மானியத்தில் தன் பங்கைக் குறைக்கும். உயர்ந்த மதிப்பின் வரி உண்மையில் பத்திரக்காரர்களுக்குப் போகிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. மிச்சத்தில் பாதி தருவோம் என்ற வாக்குறுதியை இந்தக் குறைவோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

நகரத்துக்கு இந்த அனுபவம் புதிதும் அல்ல. 1985இல் பிராட் தெருவின் குறுக்கே பாலம் கட்டி, நகர மையத்துக்கு உயிரூட்டும் என்று திறந்துவைத்த சிக்ஸ்த் ஸ்ட்ரீட் மார்க்கெட்பிளேஸ் என்ற வணிக வளாகம் நொடித்துப்போய், அந்தப் பாலத்தையே பின்னர் இடிக்க நேர்ந்தது.

ஜாக்சன் வார்டு அருகே:
நேவி ஹில் என்ற பெயரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வருந்துகிறேன். அது கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த பகுதி. நெடுஞ்சாலைக்காக ஒருமுறையும், கொலிசியம் போன்ற பொதுக் கட்டடங்களுக்காக மறுமுறையும், வளர்ச்சியின் பெயராலேயே அது துடைக்கப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குறைந்த வாடகைக்கு வீடு தேடும்போது, பொதுப்பணத்தில் முதலில் எழ வேண்டியது அரங்கமா? இதை எதிர்ப்பாளனாகக் கேட்கவில்லை. குறைந்த வாடகை வீடுகள் முதலில் கட்டப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால் நானே ஆதரிப்பேன்.

தென்கரையான்:
கோபுரத்தின் வரி பற்றிய வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. எல்லையை எண்பது கட்டங்கள் வரை நீட்டியிருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திட்டத்தை நிராகரித்துவிட்டால், அந்த நிலத்துக்கு அடுத்து யார் வருவார்கள்? 2017 இறுதியில் நகரம் முன்மொழிவுகளைக் கோரியபோது வந்தது இந்த ஒன்றுதான்.

வரவுசெலவு:
ஒரே டெண்டர் வந்தது என்பதே எனக்கு ஐயத்தைத் தருகிறது. அரங்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால், அத்தனை பெரிய முதலீட்டுக்கு ஆள் சேர்க்கக்கூடியவர் இங்கே எத்தனை பேர்? அரங்கத்தை நீக்கி, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கோரியிருந்தால் உள்ளூர்க் கட்டுநர்களும் வந்திருப்பார்கள். நகரத்தின் நிலத்தை விற்க ஒன்பது உறுப்பினர்களில் ஏழு பேரின் வாக்கு தேவை. ஐவர் வெளிப்படையாக எதிர்த்துவிட்டதால் இத்திட்டம் இப்போதைய வடிவில் நிறைவேறாது.

தென்கரையான்:
அப்படியானால் நிராகரிக்கும் அதே கூட்டத்தில், அரங்க நிபந்தனை இல்லாத புதிய அறிவிப்பை எந்தத் தேதிக்குள் வெளியிடுவார்கள் என்பதையும் மன்றம் தீர்மானமாக எழுத வேண்டும். ஜாக்சன் வார்டு நண்பர் கேட்ட வீடுகளின் எண்ணிக்கையும் அந்த அறிவிப்பிலேயே இருக்கட்டும். 24ஆம் தேதி பொதுமக்கள் பேசும் நேரத்தில் இவ்விரண்டையும் கேட்க நான் போகிறேன், தாங்களும் வருவீர்களா?