மறு: தடுப்பான் சரி, வேகத்தை மட்டும் குறைப்பதற்கு என்ன சொல்?

வணக்கம். முதுகலை ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். ஸ்டைரீன் மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து பலபடியாகும்போது பென்சோகுயினோன் சேர்த்தால், அது தீரும்வரை வினை நின்றுவிடும், பிறகு பழைய வேகத்தில் ஓடும். இது தடுப்பான். நைட்ரோபென்சீன் சேர்த்தால் வினை நிற்காது, தொடக்கத்திலிருந்தே மெதுவாகப் போகும். இதையும் தடுப்பான் என்றால் மாணவர் வரைபடத்தை எப்படிப் படிப்பார்?

> தணிப்பான் என்று வைக்கலாமே

அதை அணு உலையின் கனநீருக்குப் பள்ளிப் புத்தகம் கொடுத்துவிட்டது ஐயா. 'ஒடுக்கி'யும் ஆகாது; வேதியியலில் அது எலக்ட்ரான் கொடுப்பது. டைமெத்தில் ஃபார்மமைடில் ஃபெரிக் குளோரைடு, வளரும் அக்ரிலோநைட்ரைல் சங்கிலிக்குக் குளோரினைக் கொடுத்து முடித்துவைத்து, தான் ஃபெரஸாக ஒடுங்குகிறது. அங்கே ஒடுக்கி சங்கிலிதான், உப்பு இல்லை.

*

'தாழ்ப்பி' என்பேன். 'அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது' என்ற குறளில் (671) தாழ்ச்சி என்பது காலத்தாழ்வுதான். அடுத்த குறளில் தூங்குதலும் அதே பொருளில் வருகிறது, அதுவும் வினையோடு சேர்ந்து! 'தூங்கி' இன்று பொருள் மாறிப் படும். தாழ்ப்பிக்கு அந்தக் குறை இல்லை. நம் சொல் இருக்க 'மந்தமாக்கி' என்று வடசொல்லுக்கு ஏன் போகவேண்டும்?

*

ஐயா, இலங்கைப் பாடநூல்களில் தாழ்த்தல் என்றால் இலத்திரன் ஏற்றல், நீங்கள் ஒடுக்கம் என்பது. தாழ்ப்பி என்றால் எங்கள் பிள்ளைகள் தாழ்த்தி என்றே விளங்கிக்கொள்வார்கள். ஒடுக்கியைத் தள்ளிய அதே காரணம் இங்கும் இருக்கிறது.

*

இருவருக்கும் நன்றி. எனக்கு இன்னொரு கவலை. ஒளி பட்டால் ஃபெரிக் அயனி ஹைட்ராக்சில் தனி உறுப்பை (இணைசேரா எலக்ட்ரான் கொண்ட துணுக்கை)த் தந்து வினையைத் தொடங்குகிறது. அதே அயனி சங்கிலியை முடிக்கவும் செய்கிறது. எவான்ஸ், யூரி இருவரோடும் 1951இல் இதை எழுதிய சாந்தப்பா, பின்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தவர். துத்தநாகக் குளோரைடோ மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் வினையை விரைவாக்குகிறது. ஆகவே பெயர் உப்புக்கு அல்ல, அது அங்கே செய்யும் வேலைக்கு. இரண்டு சங்கிலிகள் தமக்குள் முடிந்தால் வேகம் தொடங்கியின் (வினையைத் தொடக்கிவைக்கும் பொருளின்) செறிவுக்கு வர்க்கமூலமாக இருக்கும். உப்பே முடித்துவைத்தால் நேர்விகிதம் ஆகிவிடும். மாணவர் பிடிக்கவேண்டியது இதைத்தான்.

தனிமடலில் வந்தவையும் சேர்த்துப் பெரும்பாலோர் மந்தமாக்கி என்கிறார்கள். சரி, கையேட்டில் அதுவே போகிறது.

*

என் வாக்கு தாழ்ப்பிக்கே. எங்கள் ஊரில் மந்தம் என்றால் குழந்தைக்கு வரும் வயிற்று நோய். அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.