ஸ்பெட்சஸ் தீவின் அர்மாட்டா விழா: எந்த நாள், எந்த வழி, எரிவது யாருடைய கப்பல்?

கேள்வி: உப்புக்காற்று

கிரீஸின் ஸ்பெட்சஸ் தீவில் செப்டம்பரில் நடக்கும் அர்மாட்டா விழாவுக்குப் போகத் திட்டம். மூன்று சந்தேகங்கள்.

இந்த விழா நினைவுகூரும் கிரேக்க-துருக்கியக் கடற்போர் நடந்தது 1822 செப்டம்பர் 8 என்கிறார்கள். அதன் நினைவாகக் கடலில் நடக்கும் கப்பல் எரிப்பு மட்டும் ஏன் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு தேதியில் வருகிறது? ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸிலிருந்து நேராகப் போவது நல்லதா, தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள கோஸ்டா வழியாகவா? கடைசியாக, எரிவது துருக்கித் தலைமைக் கப்பல் என்று ஓரிடத்திலும், கிரேக்கர்களின் தீக்கப்பல் (எதிரிக் கப்பலோடு மாட்டி எரியவிடும் கப்பல்) என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில் 1: கலங்கரை

தேதியை முதலில் முடித்துவிடலாம். செப்டம்பர் 8 மரியன்னை பிறந்த திருநாள். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பனயியா அர்மாட்டா சிற்றாலயம் வெற்றிக்கு நன்றியாகக் கட்டப்பட்டது. அங்கே வழிபாடு திருநாளை ஒட்டியே நடக்கும், அது நகராது. கப்பல் எரிப்பும் வாணவேடிக்கையும் அதை ஒட்டிய வாரக்கடைசியில், வழக்கமாகச் சனிக்கிழமை இரவில். அதற்கு முந்தைய நாட்களில் நடனம், இசை, கண்காட்சி. ஆகவே செப்டம்பர் 8 என்று நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். அந்த வருட நிகழ்ச்சி நிரலை நகராட்சி வெளியிட்ட பிறகு போடுங்கள்.

ஒரு பொடிக் குறிப்பு: 1822-இல் கிரேக்கர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். இன்றைய கணக்கில் போர் நடந்த நாள் செப்டம்பர் 20. திருநாளோடு ஒட்டிப்போனதால் 8 என்பதே நிலைத்துவிட்டது.

பதில் 2: சுக்கானி

மூன்றாவது கேள்விதான் சுவாரசியமானது. துறைமுகத்துக்கு எதிரே எரிவது உஸ்மானிய, அதாவது துருக்கித் தலைமைக் கப்பலின் மாதிரி. ஆனால் உண்மைப் போரில் அந்தத் தலைமைக் கப்பல் எரியவே இல்லை!

நடந்தது இதுதான். அது கிரேக்க விடுதலைப் போர்க் காலம். துருக்கியர் கையில் இருந்த நாஃப்பிளியோ கோட்டையைக் கிரேக்கர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே பசியில் கிடந்த படைக்கு உணவு கொண்டுபோக உஸ்மானியக் கப்பற்படை வந்தது. ஹைட்ரா, ஸ்பெட்சஸ், ப்சாரா தீவுகளின் கப்பல்கள் ஆண்ட்ரியாஸ் மியாவூலிஸ் தலைமையில் ஸ்பெட்சஸ் பக்கம் மறித்தன. ஸ்பெட்சஸ்காரர் கோஸ்மாஸ் பர்பாட்சிஸ் தன் தீக்கப்பலைத் தலைமைக் கப்பலை நோக்கி விட்டார். தலைமைக் கப்பல் திரும்பியது, படையும் பின்வாங்கியது. அந்த மாதமே கோட்டைக்கு உணவு சேராமல் அந்தப் படை விலகிப்போனது. நவம்பர் 30 அன்று நாஃப்பிளியோவுக்கு மேலே குன்றில் இருந்த பாலமிடி கோட்டை கிரேக்கர்களிடம் விழுந்தது. வெற்றி என்றால் இதுதான்: கப்பல் மூழ்கவில்லை, அரிசி மூட்டை போய்ச் சேரவில்லை.

ஒரேயொரு தீக்கப்பலைக் கண்டு ஏன் அவ்வளவு பயம்? கிரேக்கர்களிடம் இருந்தவை பெரும்பாலும் வணிகக் கப்பல்கள், பீரங்கிகளும் சிறியவை. இரண்டு மூன்று தட்டுப் போர்க்கப்பலோடு நேருக்கு நேர் நின்றால் தூள்தூளாகிவிடும். அதனால் பழைய கப்பலைத் தீக்கப்பலாக்கினார்கள். கிரேக்கத்தில் பிர்போலிகோ என்பார்கள். கயிறு, பாய், தட்டு எல்லாவற்றிலும் தார். உள்ளே காய்ந்த முட்புதர், பிசின், கந்தகம். வெடிமருந்து தூவிய மரக்கால்வாய்கள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஓடும். காற்று உள்ளே பாய்ந்தால்தான் தீ மேலே ஏறும் என்பதால் தட்டிலும் பக்கங்களிலும் துளை. பாய் கட்டும் குறுக்குக் கழியான பருமலின் முனைகளில் கொக்கிகள், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி போல. எதிரியின் கயிற்றில் அவை மாட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. பின்னால் ஒரு துடுப்புப்படகு கட்டியிருக்கும். எல்லோரும் அதில் இறங்கிய பிறகே திரிக்குத் தீ.

தவறுவதற்கும் வழிகள் ஏராளம். காற்று வரும் பக்கத்திலிருந்து வந்தாக வேண்டும். காற்று செத்தால் பீரங்கிக்கு நடுவில் நின்றுவிடும். தீயைச் சீக்கிரம் வைத்தால் ஒட்டும் முன்பே பாய் எரிந்து ஓட்டம் நிற்கும். கொக்கி பிடிக்காவிட்டால் எதிரி நீளக் கழியால் தள்ளிவிடுவான். கிரேக்கத் தீக்கப்பல் மாலுமிகளில் 1821-இல் எரெசோஸில் பாப்பானிகோலிஸும், 1822 ஜூனில் கியோஸ் தீவில் கனாரிஸும் எரித்தவை நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள். பாய் விரித்து ஓடும் கப்பலைப் பிடிப்பது கடினம். ஆனால் கியோஸில் உஸ்மானியத் தளபதி காரா அலியே செத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்பெட்சஸில் எரிக்கத் தேவையில்லை, கிட்டே போனாலே போதும்.

பதில் 3: ஏதென்ஸ் டு தீவு

வழி விஷயம். பிரேயஸிலிருந்து அதிவேகக் கப்பலில் இரண்டரை மணி நேரம் போல ஆகும், இடையில் நிற்கும் தீவுகளைப் பொறுத்து மாறும். விழா வாரக்கடைசிக்கு இடங்கள் முன்கூட்டியே தீரும். பெரிய ஆபத்து காற்று: பலத்த காற்றில் கடலோரக் காவல்படை புறப்பாட்டுக்குத் தடை போட்டால் அதிவேகக் கப்பல்கள்தான் முதலில் நிற்கும். மறுநாளே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோஸ்டா வழி என்றால் ஏதென்ஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போல. கோஸ்டாவில் காரை நிறுத்திவிட்டுச் சிறிய படகில் கால் மணிக்குள் தீவு. காரைத் தீவுக்குக் கொண்டுபோக நினைக்க வேண்டாம், வெளியாட்களின் கார்களுக்கு அனுமதி இல்லை. தீவுக்குள் நடை, குதிரைவண்டி, ஸ்கூட்டர், சைக்கிள். தண்ணீர் டாக்சிக்கு ஆள் கணக்கில்லை, படகுக்குத்தான் கட்டணம். ஆறேழு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே படகுத்துறைக்கு வரும். அன்றிரவே கோஸ்டா திரும்ப வேண்டியிருந்தால் கடைசிப் படகு நேரத்தைப் பகலிலேயே கேட்டு வையுங்கள்.

உப்புக்காற்று: நன்றி. எங்கே நிற்பது? பகலில் என்ன பார்க்கலாம்?

பதில் 4: கலங்கரை

பழைய பீரங்கிகள் வைத்த டாப்பியா திடல், அல்லது 1914-இல் திறந்த பொசைடோனியன் ஹோட்டல் முன்பக்கம். எரியும் கப்பல் இரண்டுக்கும் நேரெதிரே கடலில் நிற்கும். டாப்பியாவில் சீக்கிரம் நெரிசலாகும். குழந்தைகள் இருந்தால் ஹோட்டல் பக்கம், திறந்த இடம் அதிகம். புகை எந்தப் பக்கம் போகும் என்று மாலைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பகலில் விடுதலைப் போரில் கப்பல் நடத்திய பெண்மணி புபுலினாவின் வீடு, டாப்பியாவுக்குப் பக்கத்திலேயே. ஆனால் அவர் 1822 போரின் நாயகி அல்ல. அவருடைய அகமெம்னோன் கப்பல் 1821-இல் நாஃப்பிளியோவை முற்றுகையிட்டது. பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். பிறகு மெக்சிஸ் மாளிகையில் உள்ள தீவு அருங்காட்சியகம், காலையிலேயே போய்விடுங்கள்.

தும்பைப்பூ போலக் காட்டுச் செடிகளில் சிவப்புத் தொப்பி மாட்டி, கரையில் படை நிற்பதாக எதிரியை ஏமாற்றினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை, ஊர்வாய்மொழி என்ற அளவில் கேட்டுக்கொள்ளலாம்.

பதில் 5: சுக்கானி

தும்பை இல்லை நண்பரே, அஸ்ஃபோடெல். ஆளுயரம் வரை வளரும் தண்டு, அதனால்தான் தூரத்திலிருந்து மனிதர் போலத் தெரியுமாம். தும்பையில் தொப்பி மாட்டினால் எலிப்படைதான் தெரியும்.