மடலின் பொருள்: "டேப்பர் ஆஃப்" - வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்
(குழு மடல். எழுதுகிறவர்கள் அவரவர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

மண்டபம்:
நண்பர்களே, கடலோர ஊர்களுக்கான வானிலைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெல்ல மெல்லக் குறைந்து முடிவதைச் சொல்லும் ஆங்கிலத் தொடரான "டேப்பர் ஆஃப்" பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கிறது. மழை டேப்பர் ஆஃப் ஆகும், வாடைக்காற்றும் ஆகும், மீன்பாடும் (மீன் கிடைக்கிற அளவும்) ஆகும். பின்னிணைப்பு மருத்துவக் குறிப்பில் ஸ்டீராய்டு மாத்திரையையும் அப்படிச் செய்ய வேண்டுமாம். "ஓயும்" என்று போடலாமா என்று இங்குள்ள மீனவர் ஒருவரிடம் கேட்டேன். "ஓஞ்சிரும்னு போட்டா அன்னைக்கே வள்ளத்தத் தள்ளிருவோமே" என்றார். வள்ளம் என்பது படகு. எல்லா இடத்துக்கும் ஒரே சொல் கிடைக்குமா?

ராமநாதபுரம்:
தேடவே வேண்டாம். தொல்காப்பியர் உரிச்சொற்களுக்கான உரியியலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்." உள்ள பொருள் மெல்ல மெல்ல நுணுகுவது. இதைவிடத் துல்லியமான வரையறை எந்த அகராதியில் இருக்கிறது? ஓய்தல் இன்று முற்றாக நிற்பதாகிவிட்டது. ஆய்தலை ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். நிழத்தலை யாரும் தொடவில்லை. "காற்று நிழக்கும்" என்று எழுதுங்கள். ஆய்த எழுத்துக்குப் பெயர் வந்ததும் இந்த நுணுக்கத்தால்தான் என்று சொல்வதுண்டு. நிழலுக்கும் நிழத்தலுக்கும் வேர் ஒன்று என்பது என் நெடுநாள் கருத்து. பொருளின் மெலிந்த வடிவம்தானே நிழல்?

தொண்டி:
ஐயா, "காற்று நிழக்கும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் எல்லோரையும் நிழலில் ஒதுங்கச் சொல்வதாக நினைப்பார்கள். நிழக்குமா நிழத்துமா என்பதற்கே நமக்கு வெள்ளிக்கிழமை போதாது.
கரையில் பேச்சு வேறு. "மழ வெறிச்சிருச்சு", "காத்து விழுந்துருச்சு", "கடல் அடங்கிருச்சு" எல்லாம் முடிந்த காரியங்கள். முடியாமல் போய்க்கொண்டிருப்பதற்கு, "காத்து தணிஞ்சுக்கிட்டு வருது." மெதுவாக என்ற பொருளைச் சுமப்பது அந்த "வருது"தான். வாடை ஒரே நாளில் விடுகிற காற்றா? விட்டுவிட்டு அடிக்கும். வடகடல் அடங்கிச் சில காலம் போனால் தெற்கிலிருந்து வீசும் சோழகம் கிளம்பித் தென்கடலைக் கெடுக்கும். இதற்குள் "ஓயும்" என்று ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தால் யார் பொறுப்பு?

கீழக்கரை (மருந்தாளுநர்):
மழை தானாகக் குறைகிறது. மாத்திரையை நாம் குறைக்கிறோம். தன்வினையும் பிறவினையும் ஒரே உருவில் நிற்பது ஆங்கிலத்தின் வசதி, நமக்கு எதற்கு அது?
ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டால் அட்ரீனல் சுரப்பி, உடலுக்குத் தேவையான கார்டிசால் ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று மாத்திரையை விட்டால் சுரப்பி தேறுமுன் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே "மருத்துவர் சொன்னபடி, படிப்படியாகக் குறைத்து நிறுத்துதல்" என்று நீட்டித்தான் எழுத வேண்டும். "ஆஃப்" முடிவையும் காட்டுகிறது. வெறும் "குறைத்தல்" என்றால் பாதியில் நின்றுவிடலாம். அளவு உண்மையாகவே படியிறங்குவதால் இங்கே "படிப்படியாக" பொருந்தும். மழைக்கு ஏது படி?

பாம்பன்:
யாரும் மூலத்தைப் பார்க்கவில்லையே. பழைய ஆங்கிலத்தில் டேப்பர் என்றால் மெழுகுத்திரி. அடி பருத்து நுனி சிறுத்த வடிவிலிருந்துதான் வினை வந்தது. அப்படியானால் "கூம்புதல்"! கூம்பு பாய்மரமும்கூட. புறநானூறு 30-இல் "கூம்பொடு மீப்பாய் களையாது" கலம் புகாருக்குள் வருகிறதே. கடற்கரைக் கையேட்டுக்கு வேறென்ன பொருத்தம் வேண்டும்?

தொண்டி:
தாமரை கூம்பும். மழை கூம்பாது. அதுசரி, மீப்பாய் என்பது மேல்பாயா, பெரும்பாயா?

பாம்பன்:
மேலே கட்டிய பாய் என்றுதான் உரை. அதைத் தனி மடலில் பேசுவோம், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

ராமநாதபுரம்:
நிழத்தலை விடுகிறேன், மனமில்லாமல். அதே நூற்பாவின் "சாஅய்", அதாவது சாய்தலை விட முடியாது. நெடுநல்வாடையில் "கடும்புனல் சாஅய்" என்பது என்ன? விரைந்தோடிய வெள்ளம் வடிவதுதானே? வாடையைப் பற்றிய பாட்டிலேயே சொல் இருக்கிறது. பொழுது சாய்ந்தது, வெயில் சாய்ந்தது என்று தெருவில் சொல்கிறவர்களுக்குக் காற்று சாய்வது மட்டும் புரியாதா?

தொண்டி:
கடலில் சாய்வது வள்ளம், ஐயா. அந்தச் சொல்லை அங்கே கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

மண்டபம்:
அச்சகத்திலிருந்து காலையிலேயே அழைத்துவிட்டார்கள். இப்படி முடித்திருக்கிறேன்: மழைக்கும் காற்றுக்கும் "தணிந்துவரும்", மீன்பாட்டுக்கு "அருகிவரும்", மாத்திரைக்குக் கீழக்கரை சொன்ன நீண்ட தொடர். ஒரே சொல் என்ற ஆசையைக் கைவிட்டாயிற்று. சொற்பட்டியலில் பெயர்ச்சொல்லாக "தணிவு" மட்டும்.

கீழக்கரை:
சரி.

பாம்பன்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் தணிவு என்பதில் வடிவம் இல்லை.

ராமநாதபுரம்:
தணிதல் சினத்துக்கும் காய்ச்சலுக்கும் உரியது. "சாய்வு" அடைப்புக்குறிக்குள்ளாவது வர வேண்டும். இல்லையென்றால் நன்றியுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். நெடுநல்வாடைக்கு இதுவரை யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.