மறுமொழி: பியருக்கும் சைடருக்கும் வளி ஏற்றுவதை எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். பியருக்கும் சைடருக்கும் (நொதித்த ஆப்பிள் சாறு) குமிழி தரும் வளியான காபனீரொட்சைட்டை ஏற்றுவதற்கு நம் அகராதியில் என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு இது என் பதில்.

‘நுரையேற்றம்’ என்ற சொல்லைப் பலர் விரும்பியிருக்கிறீர்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. சோடாவிலும் சைடரிலும் வளி நிறைய உண்டு; வார்த்ததும் எழும் நுரையோ உடனே அடங்கிவிடும். பியரில் நுரை நிற்பது வாற்கோதுமைப் புரதத்தாலும் ஹொப் பூவின் கசப்புப் பொருள்களாலும். நுரையை நுரைக்கே விட்டுவிடுவோம்.

‘வளியூட்டல்’ இன்னும் சிக்கல். மீன்தொட்டிக்குக் காற்றுக் கொடுப்பதை அப்படித்தான் சொல்கிறோம். பியர் காய்ச்சுபவரும் மதுவம் (ஈஸ்ட்) பெருகுவதற்காகத் தொடக்கத்தில் சாற்றுக்குக் காற்றுக் கொடுப்பார். நொதித்து முடிந்தபின் அதே காற்றுப் பட்டால் சைடர் காடியாகும், பியரின் சுவை கெடும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், குறிப்பைப் பார்த்துச் செய்பவர் பானத்தைப் பாழாக்கிவிடுவார்.

‘காபனேற்றம்’ உருக்குக்குக் கரி ஏற்றுவதோடு கலந்துவிடும். காபனீரொட்சைட்டு என்று முழுதாக எழுதினால் நீளம். ஆகவே சிலிண்டரிலிருந்து அழுத்தி ஏற்றுவதற்கு ‘கரிவளியேற்றம்’ என்பதே என் தெரிவு.

அப்புறம், போத்தலுக்குள் தானாக வளி உண்டாவதையும் இதே சொல்லுக்குள் அடக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. வன்னியில் கள்ளைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காத இனிப்பான கருப்பணி. பூசாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கும். கானில் கள்ளுக் கொண்டுபோகிறவர் மூடியை இறுக்குவதில்லை. அங்கே யாரும் வளியை ஏற்றவில்லை, மதுவம் சீனியைத் தின்று அதை உள்ளேயே உண்டாக்குகிறது. சைடர் போடுபவர் செய்வதும் இதுதான்: நொதித்து ஓய்ந்த பானத்துக்குக் கொஞ்சம் சீனி சேர்த்து, மூடியை இறுக்கி, வளியை வெளியே விடாமல் வைக்கிறார். இதற்கு ‘மறுநொதிப்பு’ என்றும், அந்தச் சீனிக்கு ‘ஊட்டுச்சீனி’ என்றும் வைக்கலாம். ‘முதிர்வு’ வேண்டாம், அது வைன் பழையதாவதற்கு இருக்கட்டும்.

வளியின் அளவை ‘மடங்கு’ என்று சொல்வோம். ஒரு லீற்றர் பானத்தில் இரண்டரை லீற்றர் கரிவளி கரைந்திருந்தால் 2.5 மடங்கு, பல பியர்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். லீற்றருக்கு 4 கிராம் சீனி ஏறத்தாழ ஒரு மடங்கு தரும். நொதித்து முடிந்த பானத்தில் ஏற்கெனவே தங்கியிருக்கும் வளிக்கு ‘எஞ்சுவளி’. சாதாரண வளியழுத்தத்தில் 0 பாகை செல்சியசில் நீர் 1.7 மடங்கு கரிவளியைப் பிடித்துவைக்கும், 30 பாகையில் 0.7 மடங்குகூட இல்லை. எஞ்சுவளி எவ்வளவு என்பதைப் பொறுத்தே சேர்க்கவேண்டிய சீனியின் அளவு மாறும். குளிர்நாட்டுக் குறிப்பை வன்னி வெயிலில் அப்படியே பின்பற்ற முடியாததற்கு இது ஒரு காரணம், அதனால் எஞ்சுவளி அகராதியில் கட்டாயம் வரவேண்டும். சீனி கூடினால் கண்ணாடிப் போத்தல் வெடித்துக் கண்ணையே பறிக்கும். ‘ஊட்டுச்சீனி’ பதிவிலேயே இந்த எச்சரிக்கையைச் சேருங்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலையும் நிரப்பி வைத்தால், அது விரலுக்குக் கல்லுப்போல இறுகுவதை வைத்து உள்ளே அழுத்தம் ஏறியதை அறியலாம்.

வன்னியில் அனுமதியில்லாமல் மது காய்ச்சுவது மதுவரிச் சட்டப்படி குற்றம், தெரியும். ஆனால் இந்தச் சொற்களைக் கேட்பவர்கள் இங்கிலாந்திலும் கனடாவிலும் வீட்டில் சைடர் போடும் நம் உறவுகள். இங்கே இஞ்சிச் சோடா செய்பவருக்கும் இவை உதவும்.

பீப்பாவிலிருந்து குவளைக்கு எடுப்பதற்குப் புதுச்சொல் தேடவேண்டியதில்லை. பிளாவில் (பனையோலைக் குவளை) கள்ளு வார்க்கிறோம், பியரையும் வார்ப்போம். குழாய்க்கு ‘வார்குழாய்’. பீப்பாவின் அழுத்தம் குழாய் நெடுக மெல்லத் தணிந்து வரவேண்டும் என்பதால் அது ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கும். குழாய் சூடானால் வளி வழியிலேயே பிரிந்து குவளை முழுக்க நுரைதான் வரும். குழாயின் அந்தத் தடைக்கு ‘வார்தடை’ சரியா? இதற்கு மட்டும் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.